தோட்டா எங்கே போய் நிற்கும்?

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஆண்டுதோறும் பிப்ரவரி 2 அன்று, வசந்தம் எப்போது வரும் என்று கிரவுண்ட்ஹாக் என்ற கொறிவிலங்கிடம் ஆரூடம் கேட்கிறார்கள். கோடை வந்தால், சோயா பயிரைத் தின்று வயலெங்கும் வளை தோண்டுகிறது என்று விவசாயிகள் அதையே சுடுகிறார்கள். பயிரைக் காப்பது அவர்கள் உரிமை. என் ஆட்சேபம் துப்பாக்கித் தேர்வில்தான். .22 லாங் ரைஃபிள் சின்னத் தோட்டாதானே என்ற அலட்சியம் ஆகாது. குறி தவறினால் ஒரு மைலுக்கு மேலும் பாயும். கெட்டித் தரையில் பட்டால் தெறிக்கும். 100 கஜத்தைத் தாண்டினால் விலங்கைக் கொல்லாமல் காயப்படுத்தவே வாய்ப்பு அதிகம். வேகமான .223 ரெமிங்டனுக்கென உள்ள, மெல்லிய உறையிட்ட இலேசான தோட்டா மண்ணில் பட்டதுமே பெரும்பாலும் நொறுங்கிவிடும். 200 கஜத்திலும் உயிர் சட்டென்று பிரியும். ஆனால் பின்னால் மண்மேடு இல்லாத இடத்துக்கு எந்த ரைஃபிளும் பொருந்தாது. அங்கே கூண்டுப்பொறி வைப்பதே புத்திசாலித்தனம்.