நான்காம் வகுப்பு மதிப்பெண் யாரை அளக்கிறது?

கேரளம் கல்வியில் முன்னணி மாநிலம் என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. அகில இந்திய அளவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு எந்தத் தேர்வு நடந்தாலும் அதன் பெயர் மேல் வரிசையிலேயே வருகிறது. ஆனால் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு தோட்டப் பகுதிகளிலும், பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரப்பதி ஊர்களிலும் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பெருமையில் பங்கு எவ்வளவு? அதைக் கணக்கிட்டுச் சொல்வார் இல்லை. கணக்கு இல்லாத இடத்தில் வதந்தி புகுந்துவிடுகிறது. "தமிழ் மீடியத்தில் போட்டால் பிள்ளை தேறாது" என்ற பேச்சு லயங்களிலும் பஸ் நிறுத்தங்களிலும் அடிபடுவதற்கு இதுவே காரணம்.

இந்தப் பேச்சை நம்பிப் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றுவதற்கு முன்பு, தேர்வுகள் எதை அளக்கின்றன என்பதைப் பெற்றோர் புரிந்துகொள்வது நல்லது.

இரு வகைத் தேர்வுகள்

முதலாவது, எல்.எஸ்.எஸ். என்ற பெயரில் பல்லாண்டுகளாக அறியப்பட்டு வந்த நான்காம் வகுப்பு உதவித்தொகைத் தேர்வு. திருவனந்தபுரம் பரீட்சா பவன் நடத்தி வந்த இத்தேர்வில் தாய்மொழி, ஆங்கிலம், பொது அறிவு, சுற்றுப்புறப் பாடம், கணிதம் ஆகியவற்றிலிருந்து வினாக்கள் வரும். நூற்றுக்கு 60 பெற்றால் உதவித்தொகை உண்டு. தமிழ் வழிப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே வினாத்தாள் தரப்படுகிறது. தொகை பெரிதல்ல. ஆனாலும் தேறிய பிள்ளைகளின் படத்தைப் பள்ளி வாசலில் தட்டி வைத்துக் கட்டுகிறார்கள். அடுத்த ஜூனில் எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பதை அந்தத் தட்டியைப் பார்த்தே பலர் முடிவு செய்கிறார்கள்.

இரண்டாவது, மத்திய அரசின் தேசிய அளவிலான ஆய்வுத் தேர்வு. 2021 நவம்பர் 12-ல் நடந்த தேசிய சாதனை ஆய்வில் 720 மாவட்டங்களில் சுமார் 34 லட்சம் மாணவர்கள் எழுதினர். 22 மொழிகளில் அது நடந்தது. 'பரக்' என்ற அமைப்பின் பெயரில் 2024 டிசம்பர் 4-ல் நடந்த ஆய்வில் 3, 6, 9 ஆகிய வகுப்புகளைச் சேர்ந்த 21 லட்சத்துக்கு மேற்பட்டோர் எழுதினர். அதில் நாடு முழுவதும் மூன்றாம் வகுப்பின் சராசரி, மொழிப்பாடத்தில் 64 சதவீதம், கணிதத்தில் 60 சதவீதம். 99 வரையுள்ள எண்களை ஏறுவரிசையிலும் இறங்குவரிசையிலும் அடுக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 55 சதவீதமே. ஆக, அடிப்படைக் குறை நாடு முழுவதற்கும் பொது. தமிழ் வழிப் பள்ளிக்கு மட்டும் உரியதல்ல.

சராசரிக்குள் மறைவது

தேசிய ஆய்வு சில பள்ளிகளைப் பொறுக்கியெடுத்து நடத்தப்படுவது. முடிவு மாவட்டவாரியாக வரும். ஆண், பெண், நகரம், கிராமம், அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்று பிரித்துக் காட்டுவார்கள். இடுக்கி மாவட்டத்தின் சராசரியில் தொடுபுழையின் மலையாளப் பள்ளியும் தேவிகுளத்தின் தமிழ்ப் பள்ளியும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. பாலக்காடு நகரத்தின் மதிப்பெண்ணும் சித்தூர் தாலுகா எல்லை ஊர்களின் மதிப்பெண்ணும் அப்படியே. மாவட்டம் நல்ல இடம் பெற்றால் தமிழ்ப் பிள்ளை நன்றாகப் படிக்கிறது என்று பொருளாகாது. மாவட்டம் பின்தங்கினால் தமிழ்ப் பிள்ளைதான் காரணம் என்றும் ஆகாது.

பள்ளிவாரிக் கணக்கிலும் இதே சிக்கல் உண்டு. நான்கே பிள்ளைகள் தேர்வு எழுதும் சிறு பள்ளியில் ஒரு பிள்ளை கூடுதலாகத் தேறினால் 25 சதவீதம் ஏறும். ஒரு பிள்ளை காய்ச்சலில் படுத்தால் அதே அளவு இறங்கும். அந்தச் சதவீதத்தை நாற்பது பேர் எழுதும் பள்ளியின் சதவீதத்தோடு ஒப்பிட்டு, இது நல்லது, அது கெட்டது என்று சொல்வது கணக்காகாது.

ஒரே எழுத்து, இரு பொருள்

வினாத்தாள் தமிழில் இருக்கிறதே, பிறகு என்ன குறை என்று கேட்கலாம். பாடநூல்களும் வினாக்களும் பெரும்பாலும் மலையாளத்தில் உருவாகிப் பிறகு தமிழாக்கம் பெறுகின்றன. இரண்டும் சகோதர மொழிகள். அதனாலேயே பிழை எளிதில் நுழைகிறது. 'வெள்ளம்' என்றால் மலையாளத்தில் தண்ணீர்; தமிழில் ஆற்றுப் பெருக்கு. 'அவசரம்' என்றால் அங்கே வாய்ப்பு, இங்கே பதற்றம். மொழிபெயர்ப்பில் இப்படி ஒரு சொல் இடம் மாறினால், கணக்குத் தெரிந்த பிள்ளையும் வினாவில் தடுமாறும். அங்கே குறையும் மதிப்பெண் பிள்ளையின் அறிவைக் காட்டுவதல்ல. வினாத்தாளின் தமிழைக் காட்டுவது.

தாய்மொழியில் தொடக்கக் கல்வி என்பது சலுகையும் அல்ல. 1956 நவம்பர் 1-ல் கேரள மாநிலம் உருவானபோது தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகியவை அதில் அமைந்தன. அதே ஆண்டில் நிறைவேறிய ஏழாவது திருத்தம், மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்ய முயல வேண்டும் என்று அரசியல் சட்டத்தில் 350-ஏ பிரிவைச் சேர்த்தது. பள்ளியைத் திறந்து வைத்து, ஆசிரியர் இடத்தைக் காலியாகவும் புத்தகத்தை வராமலும் விட்டால் வசதி செய்ததாகாது.

லயத்து வீட்டின் கணக்கு

தோட்டத் தொழிலாளிக்கு இந்த மதிப்பெண் வீட்டுப் பிரச்னையும்கூட. தோட்டத்தில் வேலை இருக்கும் வரைதான் லயத்தில் வீடு. தாயோ தகப்பனோ ஓய்வு பெறும்போது, அந்த வீட்டைக் காப்பாற்றப் பிள்ளைகளில் ஒருவர் கொழுந்துக் கூடையைத் தூக்க நேர்கிறது. 2015 செப்டம்பரில் மூணாறு பெண் தொழிலாளர்கள் 20 சதவீத போனஸ் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களின் தினக்கூலி 232 ரூபாய். கூடை அடுத்த தலைமுறைக்கும் போகக்கூடாது என்பதே அந்தத் தாய்மாரின் ஆசை. அதற்கு அவர்களிடம் உள்ள ஒரே வழி படிப்பு. ஆகவே தமிழ்ப் பள்ளி உதவாது என்று யாராவது சொன்னால், கடன் வாங்கியாவது பிள்ளையை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

ஆனால் அதன் விளைவும் கண்கூடு. பிள்ளைகள் போகப்போகத் தமிழ்ப் பள்ளியில் எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறைந்த பள்ளியை 'ஆதாயமற்ற பள்ளி' என்று பட்டியலிடுவது கேரளத்தில் வழக்கம். பட்டியலில் வந்த பள்ளியில் பெற்றோருக்கு மேலும் நம்பிக்கை குறையும். கடன் வாங்க இயலாத வீட்டுப் பிள்ளை மட்டும் அங்கே மிஞ்சும்.

மலையாளமும் வேண்டும்

தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கு மலையாளம் வேண்டாம் என்பது இதன் பொருளல்ல. பள்ளிகளில் மலையாளத்தைக் கட்டாயமாக்கி 2017-ல் சட்டம் வந்தது. சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரியிலும் வில்லேஜ் ஆபீசிலும் மலையாளம் தேவை. கேரள பப்ளிக் சர்வீஸ் கமிஷன் தமிழும் மலையாளமும் தெரிந்த எழுத்தர் பணிக்கும், தமிழ் வழித் தொடக்கப் பள்ளி ஆசிரியர் பணிக்கும் தனியாக ஆள் எடுப்பதுண்டு. தமிழைச் செம்மையாகக் கற்று, அதன் மேல் மலையாளத்தையும் கற்ற பிள்ளைக்கே அந்த வேலைகள். இரண்டிலும் அரைகுறையாக நின்றவருக்கு அல்ல.

செய்ய வேண்டியவை

கல்வித் துறை செய்ய வேண்டியது பெரிய செலவில்லாதது. தேர்வு முடிவுகளைப் பயிற்று மொழிவாரியாகவும் வெளியிடட்டும். தமிழ் வினாத்தாளை அச்சிடும் முன்பு எல்லைப் பகுதித் தமிழாசிரியர்கள் படித்துப் பார்க்கட்டும். ஆசிரியர் காலியிடங்களை ஜூன் மாதத்திலேயே நிரப்பட்டும்.

பெற்றோர் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பிரதம் என்ற தொண்டு நிறுவனம் 2005 முதல் 'அசர்' என்ற பெயரில் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று, பிள்ளையிடம் இரண்டாம் வகுப்புப் பாடம் ஒன்றைக் கொடுத்துப் படிக்கச் சொல்கிறது. 2024-ல் நாட்டின் கிராமப்புற அரசுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் 23.4 சதவீதத்தினரே அதைப் படித்தனர். இந்தச் சோதனைக்கு அதிகாரி வர வேண்டியதில்லை. வேலை முடிந்து வந்த தகப்பனோ, எழுதப் படிக்கத் தெரிந்த அக்காவோ வீட்டிலேயே நடத்தலாம். பிள்ளை தடுமாறாமல் படித்து, படித்ததைத் தன் சொல்லில் சொன்னால் பள்ளி தன் வேலையைச் செய்கிறது. இல்லையென்றால், பள்ளியை மாற்றும் முன்பு பி.டி.ஏ. கூட்டத்தில் எழுந்து நின்று கேட்க வேண்டும்: ஆசிரியர் எப்போது வந்தார், புத்தகம் எப்போது வந்தது என்று.

வாசலில் கட்டிய தட்டி இவற்றைச் சொல்லாது. கேட்டால்தான் தெரியும்.