பீரைப் பற்றி வாயே திறக்காத பீர் விளம்பரம்

தலைப்பைப் பார்த்ததும் "இந்த வயசுல உனக்கு இது தேவையா?" என்று அக்கா போன் செய்வாள். தெரிந்தேதான் எழுதுகிறேன். யாரையும் குடிக்கச் சொல்லவில்லை. குடிக்காதவர்கள் அப்படியே இருங்கள், நல்லது. என்னைப் போல வருஷக்கணக்கில் ஏமாந்தவர்களுக்கும், பேரப்பிள்ளைகளோடு டிவி பார்ப்பவர்களுக்கும்தான் இது.

வங்கி வேலையில் இருந்த நாட்களில், சம்பளம் வந்த சனிக்கிழமை நாலைந்து பேர் சேர்ந்து பீர் சாப்பிடுவோம். கடையில் கேட்பது இரண்டே கேள்வி: "கூலிங் இருக்கா? ஸ்ட்ராங் இருக்கா?" ருசி எப்படி என்று ஒருவரும் கேட்டதில்லை. கஷாயம் குடிப்பது போல முதல் கிளாஸை இறக்குவோம். பீர் என்றால் இவ்வளவுதான் என்று நினைத்திருந்தோம்.

போன வருஷம் பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை ஒரு மைக்ரோபுருவரிக்கு அழைத்துப் போனார். பீரை அங்கேயே தயாரித்து அங்கேயே பரிமாறுகிற உணவகம். "மாமா, குடிக்கறதுக்கு முன்னாடி மோந்து பாருங்க" என்றார். வாழைப்பழ வாசனை, பின்னாலேயே லேசாகக் கிராம்பு. "எசன்ஸ் கலந்திருக்காங்களா?" என்று கேட்டேன். இல்லையாம். ஜெர்மனியின் பவேரியா பாணிக் கோதுமை பீர் அது. அந்த வாசனையை உண்டாக்குவது ஈஸ்ட். ஒரு கிளாஸை முக்கால் மணி நேரம் வைத்துக் குடித்தேன். இரண்டாவது கேட்கத் தோன்றவில்லை. எழுபது வயதில் முதல்முறையாகப் பீரின் ருசி தெரிந்தது. சந்தோஷம் வந்தது, கூடவே கோபமும் வந்தது.

ஏன் கோபம்? பெரிய கம்பெனிகள் பலவும் பார்லியோடு அரிசியோ மக்காச்சோளமோ சேர்த்து ருசியை மெலிதாக்குகின்றன. அதை ஐஸ் மாதிரி குளிரவைத்துக் குடி என்கின்றன. அவ்வளவு குளிர்ந்தால் நாக்கு மரத்துப்போகும், குறையும் தெரியாது, நிறையும் தெரியாது. நம் ஊர் 'ஸ்ட்ராங்' வகையில் ஆல்கஹால் 8 சதவீதம் வரை போகிறது. ஆக, விற்பது குளிர்ச்சியும் போதையும்.

இதை எப்படி விளம்பரம் செய்வது? கடற்கரையைக் காட்டு, அழகிகளைக் காட்டு, நண்பர்கள் கட்டிப்பிடித்துக் குதிப்பதைக் காட்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் பேசாதே. காப்பித்தூள் பாக்கெட்டில்கூட சிக்கரி எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கிறது!

கேபிள் டிவி விதிகளில் 2000-ல் திருத்தம் செய்து மது விளம்பரத்தைத் தடுத்தார்கள். உடனே அதே பெயர்களில் சோடாவும் குடிதண்ணீரும் பாட்டு சிடியும் டிவியில் வந்தன. கிங்ஃபிஷர் என்ற பீரின் பெயரில் 2005-ல் விமானமே பறந்தது.

கிரிக்கெட் பார்க்கும்போது இப்படி ஒரு 'சோடா' விளம்பரம் வந்தது. ஏழு வயதுப் பேரன், "தாத்தா, அந்த சோடா வாங்கித் தா" என்றான். கடையில் இல்லை என்றேன். "அப்புறம் எதுக்கு டிவில காட்டறாங்க?" என்றான். என்னிடம் பதில் இல்லை. பதினைந்து வருஷம் கழித்து அவனுக்கே பதில் தெரிந்துவிடும். பெயர்தான் இப்போதே மனதில் பதிந்துவிட்டதே!

அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே சிறிய ஆலைகளில் செய்வதை கிராஃப்ட் பீர் என்கிறார்கள். 2015 சூப்பர் பௌல் ஆட்டத்தின்போது பட்வைசர் ஒரு விளம்பரம் போட்டது. பீரை மோந்து பார்த்து ருசிப்பவர்களையும், பூசணி, பீச் பழம் போட்ட பீரையும் அதில் கேலி செய்தார்கள். அதற்குச் சில நாட்கள் முன்புதான் அதே கம்பெனி, சியாட்டிலில் பூசணி பீருக்குப் பெயர்போன எலிசியன் ஆலையை வாங்குவதாக அறிவித்திருந்தது. கேலியும் அவர்களே, கல்லாவும் அவர்களே!

"அந்தப் பெங்களூர் பீரெல்லாம் பணக்காரர் விளையாட்டு" என்று என் பழைய சகா ஒருவர் சொல்கிறார். விலை அதிகம்தான், மறுக்கவில்லை. சிறிய இடங்களிலும் பெயரை மட்டும் பெரிதாக வைத்து அசட்டுச் சரக்கு விற்பவர்கள் உண்டு. ஆனால் நாங்கள் மலிவு என்று ஆளுக்கு மூன்று பாட்டில் குடித்து, ஞாயிற்றுக்கிழமை தலைவலியோடு படுத்துக் கிடந்ததை எந்தக் கணக்கில் எழுதுவது? ருசிக்காகக் குடிப்பவனுக்கு ஒன்று போதும். விளம்பரத்துக்கு வேண்டியது ஒன்றோடு நிறுத்தாதவன்.

அதனால் குடிக்கும் நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை அந்தப் பாட்டிலை ஐஸில் வைக்காமல், கொஞ்சம் குளிர்ச்சி குறைந்த பிறகு ஒரு வாய் குடித்துப் பாருங்கள். பிடித்திருந்தால் நான் எழுதியது தப்பு என்று எழுதுங்கள், போடுகிறேன்.