ஊமைப் பெட்டிக்கு யார் பொறுப்பு?

அமெரிக்க நாட்டிலே பால்டிமோர் என்றொரு துறைமுகப் பட்டினம். 1904-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள் அங்கே தீப்பிடித்தது. ஒரு கடை, ஒரு தெரு என்று நில்லாமல் நகரின் நடுப்பகுதியையே வளைத்துக்கொண்டது நெருப்பு. செய்தி பறந்தது. அண்டை நகரங்கள் ஓடோடி வந்தன. வாஷிங்டனிலிருந்து தீயணைப்பு இயந்திரங்கள் ரயிலேறி வந்து இறங்கின. வீரர்கள் இருந்தார்கள், குழாய் இருந்தது, தண்ணீரும் இருந்தது. ஆனால், வந்தவர்களின் குழாய்வாய் அந்த ஊர்த் தண்ணீர்க் குழாயோடு பொருந்தவில்லை! அளவு வேறு, மரை வேறு. உதவ வந்தவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். 1,500-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன.

குழாய் செய்தவன் குற்றவாளியா? அவன் செய்த குழாய் அவன் ஊரிலே நன்றாகத்தான் வேலை செய்தது. வாங்கியவன் குற்றவாளியா? அவன் நல்ல சரக்கைத்தான் வாங்கினான். பிறகு எங்கே குற்றம்? ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று முன்கூட்டியே சோதித்துப் பார்க்க ஒருவரும் இல்லை, குற்றம் அங்கேதான்!

நூறு ஆண்டுக்கு முந்திய தீயை இன்று ஏன் மூட்டுகிறாய் என்று கேட்பீர்கள், தோழர்களே! நம் வீட்டுச் சுவருக்கு வர இருக்கிற 'ஸ்மார்ட் மீட்டர்' என்னும் பெட்டிக்குள் அதே கதை ஒளிந்திருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன்.

பழைய மீட்டர் எண்ணிக்கொண்டே இருக்கும், பேசாது. கணக்கெடுப்பவர் வருவார், பார்ப்பார், அட்டையிலே எழுதிவிட்டுப் போவார். புதிய பெட்டி அப்படியல்ல. எத்தனை யூனிட் ஓடியது என்பதைத் தானே அலுவலகத்துக்குச் சொல்லும். அங்கிருந்து வரும் ஆணையைக் கேட்கும். 'நிறுத்து' என்றால் நிறுத்தும், 'கொடு' என்றால் கொடுக்கும். முன்பணம் கட்டும் முறை என்றால் காசு தீர்ந்ததும் விளக்கு அணையும். மீண்டும் கட்டினால் எரியும்.

நல்லது. பேசுகிற பெட்டி என்றால் எந்த மொழியிலே பேசும்? ஒரு கம்பெனியின் பெட்டி சொல்வது இன்னொரு கம்பெனியின் கணினிக்குப் புரியுமா? புரியாவிட்டால் என்ன ஆகும்? ஒரு தொழிலாளி காலையிலே காசு கட்டுகிறான். காசு வந்துவிட்டது என்கிறது அலுவலகக் கணினி. வரவில்லை என்கிறது சுவரிலே இருக்கும் பெட்டி. இரண்டுக்கும் இடையே அவன் பிள்ளை இருட்டிலே உட்கார்ந்து பாடம் படிக்க வேண்டும்!

கற்பனையை ஊதிப் பெரிதாக்குகிறேனா? பிரிட்டனைப் பாருங்கள். அங்கே மின்சாரம் விற்பவர்கள் பலர். மளிகைக் கடையை மாற்றுவது போல மின்சாரக் கம்பெனியை மாற்றிக்கொள்ளலாம். ஸ்மார்ட் மீட்டரும் வீடு வீடாக வந்தது. 2018-க்குள் ஒரு கோடிக்கு மேல் மாட்டிவிட்டார்கள். ஆனால், முதல் வரிசையில் வந்த பெட்டிகள் மாட்டிய கம்பெனியோடு மட்டுமே பேசப் பழகியவை. வீட்டுக்காரர் கம்பெனியை மாற்றினார், பெட்டி ஊமையாயிற்று! அவ்வாண்டு நவம்பரில் அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் எழுதிய அறிக்கை அதை வெளிச்சம் போட்டுக் காட்டியது. கம்பெனி மாறினால் இத்தகைய மீட்டர்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு ஊமையாகின்றன; அதற்குள் 9 லட்சத்துக்கும் மேற்பட்டவை ஊமையாகிவிட்டன என்றது அது. எல்லா மீட்டருக்கும் பொதுவான தொடர்புப் பாதை 2016-லேதான் திறந்தது. பழைய பெட்டிகளை அதில் சேர்க்கும் வேலை 2019-லேதான் தொடங்கியது. முதலில் மாட்டினார்கள், பிறகு பொருத்தம் பார்த்தார்கள். தாலி கட்டிய பிறகு பெண் பார்த்த கதை! செலவு யார் தலையிலே? பில் கட்டுகிறவன் தலையிலே!

'தரநிலை இருக்கிறதே, முத்திரை இருக்கிறதே, போதாதா?' என்பார் சிலர். போதாது. பட்டறையிலே வேலை செய்யும் தோழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டும் அரை அங்குல போல்ட்தான். ஆனால் மரைக்கணக்கு வேறானால் ஒன்றின் நட் இன்னொன்றிலே ஏறுமா? மின்சாதனத் தரநிலைகளிலும் 'இப்படியும் செய்யலாம், அப்படியும் செய்யலாம்' என்ற இடங்கள் உண்டு. ஒருவன் இப்படிச் செய்வான், இன்னொருவன் அப்படிச் செய்வான். இருவரும் விதிப்படிதான் செய்தார்கள். இருவர் பெட்டியும் ஒன்றோடொன்று பேசாது! ஆகவே விதிப்படி இருக்கிறதா என்பது ஒரு சோதனை. வேறு வேறு கம்பெனிப் பொருள்களை ஒரே மேசையிலே வைத்து, பேசுகின்றனவா என்று பார்ப்பது இரண்டாவது சோதனை. திருடன் உள்ளே நுழைந்து பெட்டிக்கு ஆணையிட முடியுமா என்று பார்ப்பது மூன்றாவது. மூன்றிலும் தேறியதற்கே சான்றிதழ் தர வேண்டும். அதைத் தருபவர் விற்பவராக இருக்கக்கூடாது.

அமெரிக்க நாடு பால்டிமோர் பாடத்தை மறக்கவில்லை. தீக்குப் பிறகு நூற்றுக்கணக்கான குழாய்வாய்களைத் திரட்டி ஆராய்ந்தது அந்நாட்டின் தேசியத் தரநிலை நிறுவனம். மின்கட்டமைப்புச் சாதனங்கள் ஒன்றோடொன்று பொருந்துவதற்கான தரநிலைகளை ஒருங்கிணைக்கும் பொறுப்பை 2007-ஆம் ஆண்டுச் சட்டம் யாரிடம் கொடுத்தது தெரியுமா? அதே நிறுவனத்தின் இன்றைய வாரிசிடம்!

இங்கே நிலை என்ன? ஏடு இருக்கிறது. ஸ்மார்ட் மீட்டருக்கென்று 2015-ல் ஐ.எஸ். 16444 என்ற தரநிலை வந்தது. அது பேசும் முறையை வகுக்க ஐ.எஸ். 15959 இருக்கிறது. சோதித்துச் சொல்ல பெங்களூரிலே மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஆனால் மொழி ஒன்றானால் போதுமா? போகும் பாதையும் ஒன்றாக வேண்டாமா? மீட்டருக்கு மீட்டர் செய்தியைக் கைமாற்றும் ரேடியோ வலை பெரும்பாலும் அந்தந்தக் கம்பெனியின் சொந்த வேலி. மொழி தெரிந்தவனும் வேலிக்கு வெளியே நிற்க வேண்டியதுதான்!

டில்லி 2021-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. 25 கோடி முன்பண மீட்டர் என்றது. நம் போன்ற மாநிலங்களுக்கு மீட்டர் ஒன்றுக்கு 15 விழுக்காடு அல்லது 900 ரூபாய், இதில் எது குறைவோ அதைத் தருவோம் என்றது. கூடவே ஒரு நிபந்தனை: முதலீடு, மாட்டுதல், பராமரித்தல் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தனியார் கையிலே ஏறத்தாழ பத்தாண்டுக்கு ஒப்படைக்க வேண்டும்! கால்வாசிப் பணம்கூடக் கொடுக்காதவர்கள் முழு வீட்டுக்கும் சாவி கேட்கிறார்கள். 2023-ல் கேரளம் அதை ஏற்க மறுத்து, தன் வாரியமே முன்நின்று செய்யும் வழியைத் தேர்ந்தது. தமிழ்நாட்டிலே 2024 டிசம்பரில், கேட்ட விலை அதிகம் என்று ஒப்பந்தப்புள்ளி ரத்தானது. விலையைப் பார்த்தது சரி. பொருத்தத்தையும் பார்க்க வேண்டும் என்பதே என் வாதம். மலிவாக வாங்கிய பெட்டி ஒரே கம்பெனியின் பேச்சைத்தான் கேட்கும் என்றால், பத்தாண்டு கழித்து அந்தக் கம்பெனி சொன்னதுதான் விலை!

'ஒரே மொழி கூடாது என்று களம் கண்டவர்கள், மீட்டருக்கு மட்டும் ஒரே மொழி கேட்கிறீர்களே' என்று கேலி பேசக்கூடும் சிலர். பேசட்டும்! மீட்டர் மனிதனல்ல, அதற்குத் தாயில்லை, தாய்மொழியும் இல்லை. அதுமட்டுமல்ல. ஒருவன் தன் மொழியை மற்றவன்மீது ஏற்றினால் அது ஆதிக்கம். யாருக்கும் சொந்தமில்லாத ஒன்றை எல்லோரும் கூடி ஒப்புக்கொண்டால் அது ஒப்பந்தம். கம்பெனி தன் சொந்த மொழியை நம் வாரியத்தின்மீது ஏற்றப் பார்க்கிறதே, அதைத்தான் எதிர்க்கிறோம். அன்றும் அதே கொள்கை, இன்றும் அதே கொள்கை!

எனவே நாம் கேட்பது மூன்று. ஒன்று, குறைந்தது மூன்று கம்பெனிகளின் மீட்டர்களை ஒரே கட்டமைப்பில் பூட்டி, பொது ஆய்வுக்கூடத்திலே சோதித்த பிறகே வாங்க வேண்டும். இரண்டு, சோதனை முடிவு மக்கள் பார்வைக்கு வர வேண்டும். மூன்று, ஒப்பந்தம் முடியும் நாளில் பெட்டியோடு பூட்டின் சாவியும் வாரியத்தின் கைக்கு வர வேண்டும்.

தமிழ்நாட்டில் மூன்று கோடிக்கு மேல் மின் இணைப்புகள். ஒவ்வொன்றின் பின்னும் ஒரு வீடு, ஒரு பட்டறை, ஒரு தறி. தீப்பிடித்த பிறகு குழாய்வாயை அளந்தது பால்டிமோர். நாம் இப்போதே அளப்போம்!