அறுபதுகளின் இரவில் முன்வரிசை யாருக்கு?



நம்ம தாமான் மூத்தோர் மன்றம் ஒரு இசை, நடன இரவு நடத்தப் போவது உங்களில் பலருக்குத் தெரியும். தலைப்பு "அறுபதுகள்". 1960-லிருந்து 1969 வரை வந்த பாட்டுகள் மட்டும்தான். மன்றத்தில் ஓடியாடி வேலை செய்ய ஆள் போதவில்லை. அதனால் வெள்ளிக்கிழமை அன்னதானத்தில் பரிமாறுகிற எங்களிடம் உதவி கேட்டார்கள். நாங்களும் சரி என்று சொல்லிவிட்டோம்.

அன்றிலிருந்து வாட்ஸ்அப்பில் இரண்டு கேள்வி சுத்திக்கிட்டே இருக்கு. ஒன்று, "கோயில் தொண்டு செய்றவங்களுக்கு சினிமா டான்ஸ்ல என்ன வேலை?" இன்னொன்று, "ஒரு மேசைக்கு எவ்வளவு?" முதல் கேள்விக்குப் பதில் சொல்லலாம், கஷ்டம் இல்லை. இரண்டாவதுதான் எனக்குக் கவலை. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

முதலில் சினிமா விஷயம். ஆடி மாசம் வந்தால் நம் கோயில் ஒலிபெருக்கியில் யார் குரல் கேட்கிறது? எல்.ஆர்.ஈஸ்வரி அம்மா. அந்தக் குரலைக் கேட்டு அருள் வந்து ஆடியவர்களை நாமே கையைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறோம். அறுபதுகளில் கிளப் டான்ஸ் பாட்டு என்றாலும் அதே ஈஸ்வரி அம்மாதான். 1968-ல் வந்த "பணமா பாசமா" படத்தில் அவர் பாடிய பாட்டு பட்டிதொட்டி எல்லாம் ஒலித்தது. டி.எம்.எஸ். ஐயாவும் அப்படித்தான். முருகன் பாட்டு என்றால் நமக்கு அவர், எம்.ஜி.ஆர். வாயசைத்ததும் அவர் குரலுக்கு, சிவாஜி வாயசைத்ததும் அவர் குரலுக்கு. "அர்த்தமுள்ள இந்து மதம்" எழுதிய கண்ணதாசன்தான் அந்தக் காலத்துக் காதல் பாட்டுகளில் பாதிக்குச் சொந்தக்காரர்.

"திருவிளையாடல்" 1965. "சரஸ்வதி சபதம்" 1966. "கந்தன் கருணை" 1967. சிறந்த இசையமைப்பாளருக்கான தேசிய விருது முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது கந்தன் கருணைக்காக, கே.வி.மகாதேவனுக்கு. "தில்லானா மோகனாம்பாள்" 1968. சிவாஜி வாசிப்பது போல் நடிக்க, பின்னால் நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். நம் கோயில் மேளக்காரர்கள் இன்றைக்கும் அந்தப் படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை. சாமி பாட்டும் சினிமா பாட்டும் அந்தப் பத்து வருஷத்தில் ஒரே வீட்டில் இருந்தவை. ஒன்றை மட்டும் வாசலில் நிற்க வைக்க நமக்கு என்ன நியாயம்?

ஆனால் ஆட்சேபம் சொன்னவர்கள் பேச்சிலும் நியாயம் இருக்கு, அதை மறுக்கவில்லை. கோயில் மண்டபத்தில் இது நடக்கக் கூடாது. பக்கத்து பொது மண்டபத்தில்தான் நடக்கும். அழைப்பிதழில் கோயில் பெயர் இருக்காது. உண்டியல் பணத்திலிருந்து ஒரு காசும் போகாது. சாப்பாடு சைவம். பீர் வேண்டும் என்று மன்றத்தில் இரண்டு மூன்று பேர் கேட்டார்கள், பீர் வந்தால் நாங்கள் வரமாட்டோம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டோம். புரட்டாசி சனிக்கிழமை, கந்த சஷ்டி, தைப்பூச விரதம் எதுவும் குறுக்கே வராத தேதியாகப் பார்த்தாச்சு. இதற்கு மேலும் மனசு ஒப்பவில்லை என்றால் வர வேண்டாம், அதில் வருத்தம் இல்லை. வருகிறவர்களைக் குறை சொல்ல வேண்டாம், அவ்வளவுதான்.

இப்போ மேசைக்கு வருகிறேன்.

மன்றத்தின் திட்டம் இப்படி இருக்கு. மேடைக்கு முன்னால் மூன்று வரிசை, நன்கொடையாளர்களுக்கும் டத்தோக்களுக்கும். அதற்குப் பின்னால் மேசை வாங்குகிறவர்கள். கடைசியில், கதவுப் பக்கம், மன்றத்து உறுப்பினர்கள். அதாவது தாத்தா பாட்டிகள். மூத்தோரை ஏற்றிப் போக ஒரு வேன் வாங்கத்தான் இந்த நிகழ்ச்சியே. பணம் வேண்டும், புரிகிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்க. 1964-ல் 15 வயசு என்றால் இன்றைக்கு 75-ஐத் தாண்டியாச்சு. அறுபதுகளில் இளைஞராக இருந்தவர் யாரும் இன்றைக்கு எழுபதுக்குக் கீழே இல்லை. அவர்கள் வயசுக் காலத்து இரவை, அவர்களைக் கதவுப் பக்கம் உட்கார வைத்துவிட்டு, நாற்பது வயசுக்காரர்கள் மினுமினு சட்டை போட்டு ஆடிக் கொண்டாடுவதா? அதற்குப் பெயர் மாறுவேடப் போட்டி.

மாறுவேடம் என்றதும் ஒன்று சொல்லணும். போஸ்டரில் பெல்பாட்டமும் டிஸ்கோ விளக்கும் போட்டிருந்தாங்க. அது எழுபதுகள் லா! அறுபதுகளில் பையன்கள் போட்டது காலோடு ஒட்டிய ட்ரெயின்பைப் பேண்ட். பெண்களுக்கு உயரமாகத் தூக்கிக் கட்டிய கொண்டை. ஆட்டம் என்றால் டுவிஸ்ட். மன்றத்து அம்மா ஒருவரிடம் போஸ்டரைக் காட்டியிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை. கேட்காமல் செய்வதுதான் எனக்கு உறுத்துகிறது.

அவர்களிடம் கேட்டால் எவ்வளவோ வரும். "காதலிக்க நேரமில்லை" 1964-ல் வந்தபோது இங்கே அப்படி ஒரு பெருமை. கதாநாயகன் ரவிச்சந்திரன் கோலாலம்பூரில் பிறந்தவர், அதுதான் அவருக்கு முதல் படம். மலேசியாவில் தொலைக்காட்சி வந்தது 1963 டிசம்பர் 28-ல்தான். அதுவும் தோட்டத்து வீட்டுக்கு வர எத்தனையோ வருஷம் ஆச்சு. அதுவரை வானொலிதான், இல்லையென்றால் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டிய படம். பாய் எடுத்துப் போய் இடம் பிடித்தவர்கள் நம்மோடு இன்றும் வெள்ளிக்கிழமை வரிசையில் நிற்கிறார்கள். ஊரெல்லாம் பீட்டில்ஸ் பைத்தியம், மலாய்ப் பையன்கள் கிட்டார் தூக்கி "பாப் யே யே" பாடினார்கள். அதையும் நம் ஆட்கள் கேட்டார்கள், ஆடினார்கள்.

அந்தப் பத்து வருஷம் முழுக்க ஆட்டம் பாட்டம் என்றும் நினைக்காதீங்க. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, விற்கப்பட்டு, குடும்பங்கள் எங்கே போவது என்று தெரியாமல் நின்ற காலம். அந்தத் தவிப்புக்கு நடுவில்தான் 1960-ல் துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 1969-ல் மே 13. அதே காலத்தில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமாகி, ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டுக்கே திரும்பிப் போனார்கள். பினாங்கிலிருந்து நாகப்பட்டினம், சென்னை போன ரஜூலா கப்பல் என்று சொன்னாலே சில பாட்டிகளுக்குக் கண் கலங்கும். கூடப் படித்தவள், பக்கத்து லயத்துக்காரன், அண்ணன் முறை வேண்டியவன் என்று யாராவது ஒருத்தர் அந்தக் கப்பலில் போயிருப்பார். ஒரு பழைய பாட்டு கேட்கும்போது அவர்களுக்கு எம்.ஜி.ஆர். முகம் மட்டுமா ஞாபகம் வரும்? திரும்பி வராத அந்த முகமும்தான். அதை நினைத்து அழ, சிரிக்க, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல ஓர் இடம் வேண்டாமா?

அதனால் என் கருத்து இதுதான். எழுபது வயசுக்கு மேற்பட்டவர்களுக்கு முன்வரிசை மேசைகள், இலவசமாக. பணம் கொடுத்தவர்கள் அவர்களுக்குப் பின்னால். நன்கொடையாளர் பெயர்களைத் திரையில் போட்டு, நன்றி சொல்லி, பொன்னாடையும் போடலாம். இதனால் இரண்டு மூன்று மேசை விற்காமல் போகலாம், வேன் சில மாசம் தள்ளிப் போகலாம். அந்த வேனில் ஏறப் போகிறவர்களைப் பின்னால் தள்ளிவிட்டு வேன் வாங்குவதை விட அது மேல்.

மேடையில் பேச்சும் வேண்டாம். வேறொரு இடத்து விருந்தில் நான் பார்த்தது சொல்றேன். முக்கிய விருந்தினர் வரும் வரைக்கும் சாப்பாட்டைத் திறக்கவில்லை. ஒன்றரை மணி நேரம். சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு வந்த பெரியவர்கள் வேர்த்துப் போய் உட்கார்ந்திருந்தார்கள். நம் நிகழ்ச்சியில் சாப்பாடு ஏழரைக்கு, யார் வந்தாலும் வராவிட்டாலும். பத்து மணிக்கு முடிவு.

பேச்சுக்குப் பதிலா என்ன என்று கேட்டால், "நேயர் விருப்பம்". வானொலியில் பெயர் வாசிப்பார்களே, அது போல. இப்போதே ஒவ்வொருவரிடமும் போய், எந்தப் பாட்டு வேண்டும், யாருக்காக, எந்தத் தோட்டத்தில் பிறந்தீர்கள் என்று எழுதி வாங்கணும். பாட்டுக்கு முன்னால் அந்த மூன்றையும் வாசிக்கணும். பல தோட்டங்கள் இப்போது வீடமைப்பாகவும் செம்பனைக் காடாகவும் ஆகிவிட்டன. அந்தப் பெயரை ஒலிபெருக்கியில் ஒரு தடவை கேட்டால், அரங்கத்தின் இன்னொரு மூலையிலிருந்து "ஏய், நானும் அங்கதான்!" என்று ஒருத்தர் எழுந்து வருவார். அதற்காகவே நடத்தலாம் இந்த நிகழ்ச்சியை.

பாடவும் அவர்களையே கூப்பிடணும். கரோக்கே போடுகிற தம்பிகள் சுருதியை இரண்டு மூன்று கட்டை இறக்கித் தரணும். எழுபத்தைந்து வயசு அம்மா சுசீலா பாட்டை அசல் சுருதியில் பாட முடியாது, பாடித் திணறினால் சபையில் சிரிப்பார்கள். இறக்கிக் கொடுத்தால் அழகாகப் பாடுவார். வாத்தியக் குழுவுக்கு பட்ஜெட் இருந்தால் பாங்கோஸ், அக்கார்டியன், வயலின் இருக்கிற குழுவாகப் பார்க்கலாம். விஸ்வநாதன்-ராமமூர்த்தி பாட்டுக்கு அதுதான் ருசி. அந்த இரட்டையர் 1965-ல் பிரிந்ததை நேற்று நடந்தது போல் இன்னும் வருத்தப்பட்டுப் பேசுகிற ஐயா ஒருவர் நம் மன்றத்தில் இருக்கார்.

சத்தம் குறைவா இருக்கணும். காதுக் கருவி வைத்திருப்பவர்களுக்கு பேஸ் அதிர்ந்தால் எல்லாமே இரைச்சல்தான். நாற்காலி கைப்பிடி உள்ளதாக இருக்கணும், ஊன்றி எழுந்திருக்க அது வேண்டும். ஆடுகிற இடத்தில் கோலமாவு, பூ எதுவும் வேண்டாம், வழுக்கும். எழுந்து ஆட முடியாதவர்கள் உட்கார்ந்தபடியே கையைத் தட்டி, தோளை ஆட்டி ஆடட்டும். இளைஞர்கள் ஆடலாம், ஆனால் முதல் நாலு பாட்டு பெரியவர்களுக்கு. பிறகு ஒரு தாத்தாவோ பாட்டியோ கையைப் பிடித்து அழைத்தால்தான் தரையில் இறங்கணும். டுவிஸ்ட் எப்படி ஆடுவது என்று அவர்களே கற்றுக் கொடுக்கட்டும்.

இன்னொன்று. "தர்மத்துக்குத்தானே, லைசென்ஸ் எதுக்கு" என்ற பேச்சு வேண்டாம். நகராண்மைக் கழகத்தில் கேளிக்கை அனுமதி பற்றிக் கேட்டுவிடணும். பாட்டு உரிமத்துக்கு எம்.ஏ.சி.பி.யிடம் பேசணும். கவிஞர்களும் இசையமைப்பாளர்களும் உழைத்த பணம் அது. அவர்கள் பாட்டை வைத்து வேன் வாங்கப் போகிறோம், அவர்களுக்கு உரியதைக் கொடுத்துவிட்டு வாங்குவோம்.

வருகிற ஞாயிறு, பூஜை முடிந்ததும் மன்றத்துக் கூட்டம். முன்வரிசை யாருக்கு என்று அன்றைக்கு முடிவாகும். நீங்கள் மன்றத்து உறுப்பினராக இருந்தால் அவசியம் வாங்க, கை தூக்குங்க. உறுப்பினர் இல்லை என்றால் உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டியிடம் இன்றைக்கு ராத்திரியே கேளுங்க: எந்தப் பாட்டு, யாருக்காக, எந்தத் தோட்டம். ஒரு தாளில் எழுதி அன்னதானக் கூடத்தில் எங்களில் யாரிடமாவது கொடுங்க. பழைய போட்டோ, இசைத்தட்டு இருந்தால் காட்டிவிட்டுத் திருப்பித் தந்துவிடுவோம். கார் வைத்திருப்பவர்கள் ஒரு நடை இரண்டு பேரை ஏற்றி வர முடிந்தால் பெயர் கொடுங்க. சக்கர நாற்காலி தள்ள இளைஞர்கள் பத்து பேர் வேண்டும்.

எத்தனையோ திருவிழாவுக்கு நமக்குச் சமைத்துப் போட்டு, பால்குடம் எடுத்து, கோயிலைக் கட்டி நிறுத்தியவர்கள் அவர்கள். ஒரு ராத்திரி அவர்களை முன்னால் உட்கார வைப்போம்.

திருச்சிற்றம்பலம்.