வாட் கணக்கில் விடுபடும் நிபந்தனைகள்

யமஹா ஆர்எக்ஸ்-வி385 ஐந்து சேனல் ஹோம் தியேட்டர் ரிசீவர். அதன் விவரப் பட்டியலில் ஒரு சேனலுக்கான வாட் மூன்று விதமாக இருக்கிறது: 135, 100, 70. மூன்றுமே உண்மை. ஒரே ஒரு சேனலை ஓடவிட்டு, 1 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒற்றை ஒலியைக் கொடுத்து, ஒலிச் சிதைவு 10 சதவீதம் வரை போகட்டும் என்று விட்டு அளந்தால் 135. சிதைவை 0.9 சதவீதத்தில் நிறுத்தினால் 100. இரண்டு சேனல்களைச் சேர்த்து ஓடவிட்டு, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை 0.09 சதவீதச் சிதைவோடு அளந்தால் 70. இதெல்லாம் 6 ஓம் கணக்கு. 8 ஓம் ஸ்பீக்கர் மாட்டினால் இன்னும் குறையும்.

இந்த நிறுவனம் நிபந்தனைகளை மறைக்காமல் அச்சிட்டிருக்கிறது. அது நேர்மை. ஆனால் கடைப் பலகைக்கும் ஆன்லைன் தலைப்புக்கும் வந்து சேர்வதற்குள் நிபந்தனைகள் உதிர்ந்து, பெரிய எண் மட்டும் மிஞ்சுவதுதான் இந்தச் சந்தையின் வழக்கம். அந்த எண்ணைச் சேனல்களின் எண்ணிக்கையால் பெருக்கிச் சொல்வதும் உண்டு. வாங்குபவர் எந்த இரண்டு ரிசீவர்களையும் ஒப்பிட முடியாமல் போவது இங்கேதான். ஒன்றின் 10 சதவீதக் கணக்கையும் இன்னொன்றின் 0.09 சதவீதக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நேர்மையாக அளந்தவரே தோற்கிறார்.

ஐந்து சேனலுக்கும் மின்சாரம் கொடுப்பது பெரும்பாலும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர். ஒரு சேனல் மட்டும் கேட்கும்போது தாராளமாகத் தருவது, ஐந்தும் ஒன்றாகக் கேட்டால் பங்கு பிரிகிறது. படத்தில் எல்லாச் சேனலும் ஒரே நொடியில் முழுச் சத்தத்தைக் கேட்பது அபூர்வம் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். சரியான வாதம்தான். அப்படியானால் ஐந்தும் ஓடும்போது எவ்வளவு என்பதையும் அச்சிடுவதில் என்ன தயக்கம்?

வாட் கூடினால் சத்தம் அதே அளவுக்குக் கூடும் என்ற நம்பிக்கைதான் பெரிய எண்ணை விற்க வைக்கிறது. காது அப்படிக் கேட்பதில்லை. வாட் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபல். சத்தம் இரண்டு மடங்கானதுபோல் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும். அதாவது பத்து மடங்கு வாட். 70-க்கும் 100-க்கும் உள்ள வித்தியாசம் ஒன்றரை டெசிபல்தான். படம் பார்க்கும்போது அது பெரும்பாலும் தெரியாது. அதே பணத்தை ஸ்பீக்கரில் போட்டால் பலன் வேறு. ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தொலைவில் 85 டெசிபல் தரும் ஸ்பீக்கர் 100 வாட்டில் எழுப்பும் சத்தத்தை, 91 டெசிபல் தரும் ஸ்பீக்கர் 25 வாட்டிலேயே எழுப்பிவிடும். ஸ்பீக்கர் பெட்டியில் இந்த எண்ணைத் தேடிப் பார்ப்பவர்கள் நம்மில் மிகக் குறைவு. தனி ஆம்ப்ளிஃபயர் உள்ள சப்வூஃபர் இருந்து, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனத்த ஒலியை அதனிடம் விட்டுவிட்டால் ரிசீவரின் சுமை இன்னும் குறையும்.

வாட் குறைந்தால் போகட்டும் என்று விட்டுவிடவும் முடியாது. சக்திக்கு மீறி இயங்கும் ஆம்ப்ளிஃபயர் ஒலி அலையின் உச்சியை வெட்டிவிடுகிறது. அது தொடர்ந்தால் கருகுவது, கீச்சொலியை எழுப்பும் ட்வீட்டர். 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டி, காற்றோட்டமில்லாத டிவி அலமாரிக்குள் ரிசீவரைத் திணித்து, மே மாத வெயிலில் மூன்று மணி நேரப் படம் ஓட்டுபவர் இந்த ஆபத்தோடு ரிசீவர் சூடேறும் ஆபத்தையும் விலை கொடுத்து வாங்குகிறார்.

அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் இந்தக் குழப்பத்துக்கு 1974-இலேயே விதி எழுதியது. 2024-இல் அதைத் திருத்தி, 8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ், 1 சதவீதத்துக்குக் குறைந்த சிதைவு என்று அளவுகோலை நிலைப்படுத்தியது. நாமோ 'பிஎம்பிஓ' (உச்ச இசைச் சக்தி) என்று ஆயிரக்கணக்கில் வாட் அச்சிட்ட டேப் ரெக்கார்டர்களையும் கணினி ஸ்பீக்கர்களையும் வாங்கிப் பழகியவர்கள். பொதுவான அளவுமுறை எதுவும் இல்லாத அந்த எண்ணை நம்பிப் பணம் கொடுத்த தலைமுறைக்கே கோபம் அதிகம் வர வேண்டும்.

ஏசிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நட்சத்திரக் குறியீட்டை நாடு முழுக்கப் பழக்கப்படுத்திய இந்திய அரசுக்கு இப்படியோர் அளவுகோலை வகுப்பது புதிய வேலை இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்கச் சொல்கிறது. அதற்கென்றே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் இருக்கிறது. 8 ஓமில், முழு அதிர்வெண் வீச்சில், 1 சதவீதச் சிதைவுக்குள் இரண்டு சேனல்கள் தரும் வாட்டையும், எல்லாச் சேனல்களும் சேர்ந்து ஓடும்போது தரும் வாட்டையும் பெட்டியின் முன்பக்கத்தில் ஒரே எழுத்தளவில் அச்சிட வேண்டும் என்று அந்த ஆணையம் உத்தரவிட வேண்டும். ஆன்லைன் விற்பனைப் பக்கத்தின் தலைப்புக்கும் அதே கட்டாயம் வேண்டும்.