நாபோத்தின் மேல் எறிந்த கல்

முதல் அரசர் நூலின் 21ஆம் அதிகாரம் நாம் பலமுறை கேட்டதுதான். ஆகாபு மன்னனுக்கு நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தின்மேல் ஆசை. மூதாதையர் விட்டுச்சென்ற நிலத்தைக் கொடுக்க நாபோத்துக்கு மனமில்லை. அரசி ஈசபேல் படையை அனுப்பவில்லை. மன்னனின் பெயரால் மடல்கள் எழுதி, முத்திரையிட்டு, ஊர்ப் பெரியோருக்கு அனுப்பினாள். நோன்பு ஒன்றை அறிவிக்கச் செய்தாள். இழிந்த மனிதர் இருவரை அமர்த்தி, நாபோத்து கடவுளையும் அரசனையும் பழித்தான் என்று சாட்சி சொல்ல வைத்தாள். மற்றதை ஊரார் பார்த்துக்கொண்டனர்.

இந்நிகழ்ச்சியைப் பற்றிய மறையுரைகள் ஆகாபின் பேராசையைப் பேசும். எலியாவின் துணிவைப் பேசும். கல்லெறிந்த ஊரார் அவற்றில் அதிகம் இடம்பெறுவதில்லை. அவர்களுக்கு அந்தத் தோட்டத்தில் ஒரு கொத்துத் திராட்சைகூடப் பங்கில்லை. அரச முத்திரையைக் கண்டார்கள், நோன்பு நாளின் பக்தி உணர்வில் இருந்தார்கள், கேட்டதை நம்பினார்கள், கல்லை எடுத்தார்கள். இன்று முத்திரையிட்ட மடல் கைபேசி வழியாக வருகிறது. அதைக் கையில் வைத்திருக்கும் ஊரார் நாம் என்பதுதான் நான் இங்கே முன்வைக்கும் குற்றச்சாட்டு.

2020 மார்ச் இறுதியை நினைத்துப் பாருங்கள். தில்லி நிஜாமுத்தீனில் நடந்த தப்லீக் ஜமாஅத் கூட்டத்திற்குச் சென்று வந்தவர்களிடையே கொரோனா தொற்று கண்டறியப்பட்டது. அது உண்மை. ஆனால் நடுவண் சுகாதார அமைச்சகத்தின் அன்றாடச் செய்தியாளர் சந்திப்பில் அக்கூட்டத்தின் கணக்கு மட்டும் தனியே எடுத்து வாசிக்கப்பட்டது. அது முத்திரை. அடுத்த சில நாள்களிலேயே 'கொரோனா ஜிகாத்' என்ற சொல் டுவிட்டரில் இலட்சக்கணக்கில் பரப்பப்பட்டது. அது கயவரின் சாட்சி. மத்தியப் பிரதேசத்துப் பழவியாபாரி ஒருவரை ஊரடங்குக்கு முன்பே, பிப்ரவரியில் எடுத்த காணொளி, பழங்களில் எச்சில் தடவி நோய் பரப்புகிறார் என்ற விளக்கத்தோடு ஏப்ரலில் நாடெங்கும் சுற்றியது. அதே ஆண்டு ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, தப்லீக் கூட்டத்திற்கு வந்த வெளிநாட்டவர் மீதான வழக்குகளை இரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்று கண்டித்தது. எச்சில் காணொளியை அனுப்பியவர்களில் எத்தனை பேர் அந்தத் தீர்ப்பையும் அனுப்பினார்கள்?

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் தொழிலை வளர்த்தவர்களில் பெரும்பகுதியினர் இசுலாமியர். அவர்களுடைய ஷூ கம்பெனிகளில் தைத்தும் வெட்டியும் ஒட்டியும் பிள்ளைகளைப் படிக்கவைத்த கத்தோலிக்கக் குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! பெருநாள் பிரியாணியும் கிறிஸ்துமஸ் பலகாரமும் வீடு மாறிச் செல்லும் ஊர் இது. அந்த ஊரிலும், அடுத்த தெருக்காரரைப் பற்றி அறிமுகமில்லாத ஒருவன் எழுதியதை நம்புவதற்கு நம் மக்களுக்கு ஒரு நொடி போதுமானதாக இருக்கிறது.

வடநாட்டுத் தொழிலாளர் கதை இன்னும் கொடியது. 2018இல் பிள்ளை பிடிக்கும் வடநாட்டுக் கும்பல் இறங்கிவிட்டது என்று வாட்ஸ்அப்பில் செய்தி பரவியது. ஏப்ரல் இறுதியில் குடியாத்தம் பக்கத்தில் இந்தி பேசிய ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். மே 9 அன்று போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு உறவினரோடு வந்த சென்னை மூதாட்டி ஒருவர், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காகக் கொல்லப்பட்டார். ஐந்தாண்டு கழித்து, 2023 மார்ச்சில், கதை தலைகீழானது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் வெட்டிக் கொல்லப்படுகிறார்கள் என்று காணொளிகள் வந்தன. வேறு மாநிலங்களில் நடந்த கொலைகளின் படங்கள் அவற்றில் இருந்தன. உத்தரப் பிரதேசத்து பா.ஜ.க. செய்தித் தொடர்பாளர் ஒருவரே அச்செய்தியைப் பரப்பினார். பின்னர் உச்ச நீதிமன்றம் அவரை மன்னிப்புக் கேட்கச் சொன்னது. பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி விசாரித்தது. அதற்குள் அஞ்சிய தொழிலாளர் பலர் ரயில் ஏறிவிட்டனர். முதல் பொய்யில் அந்தத் தொழிலாளி கொலைகாரன், இரண்டாம் பொய்யில் கொலையுண்டவன். இரண்டிலும் அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இவை பொய்ச் சாவுகள். மெய்ச் சாவு ஒன்றைச் சொல்கிறேன். 2015 சனவரி 31 அதிகாலையில் இராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவு சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்தது. அருகிலிருந்த தோல் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர் நச்சுச் சேற்றில் மூழ்கி இறந்தனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்தினர். எந்தக் கட்சியின் தகவல் தொழில்நுட்ப அணி அவர்களுக்காக இரவு பகலாக உழைத்தது? பாலாற்றைக் கெடுத்த தோல் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1996இல் ஒரு தீர்ப்பும் 2025 சனவரியில் ஒரு தீர்ப்பும் தந்தது. பாதிக்கப்பட்ட உழவர்க்கு இழப்பீடு தரச் சொன்ன அந்த இரண்டாம் தீர்ப்பை நம்மில் எத்தனை பேர் படித்தோம்? மதச் சண்டைக் காணொளிகள் கைபேசியை நிறைத்திருக்கும்போது கிணற்றுத் தண்ணீரைப் பற்றிப் பேச ஆளில்லை. இதனால் இலாபம் யாருக்கு என்பது ஆகாபுக்குத் தெரியும்.

அரசுகள் இதில் நடுவராக இருக்கின்றன என்று நம்ப வேண்டாம். மியான்மாரில் இராணுவத்தினரே பொய்ப் பெயர்களில் முகநூல் பக்கங்கள் நடத்தி ரோகிங்கியா மக்கள்மீது வெறுப்பை வளர்த்தது 2018இல் அம்பலமானது. தூத்துக்குடியில் 2018 மே மாதம் 13 பேர் சுடப்பட்டு இறந்தபோது, மூன்று மாவட்டங்களில் இணையம் துண்டிக்கப்பட்டது. சுடப்பட்டவர் பேச முடியாத அந்த நாள்களில் 'சமூக விரோதிகள்' என்ற சொல் மட்டும் தடையின்றி உலவியது. தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று தானே தீர்ப்பிட 2023இல் நடுவண் அரசு விதி செய்தது; 2024 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. குற்றம் சாட்டப்பட்டவரே நீதிபதி இருக்கையில் அமர முயன்ற கதை அது.

தீவிரவாதிக்கோ இது பள்ளிக்கூடம். 2019 உயிர்ப்பு ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோணியார் ஆலயத்திலும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயத்திலும் நம் சகோதரர் குருதி சிந்தினர். அத்தாக்குதல்களின் தலைவன் முகநூலிலும் யூடியூபிலும் வெறுப்பைப் போதித்து வந்தவன். மூன்றே வாரங்களில், சிலாபத்தில் முஸ்லிம் வணிகர் ஒருவர் முகநூலில் எழுதிய ஒரு வரி மிரட்டலாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட, கலவரம் வெடித்து முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. குருதி சிந்தியவர்களின் பெயரால் அப்பாவிகள் மேல் கல் விழுந்தது.

"சாமி, நெருப்பில்லாமல் புகையுமா?" என்பார்கள். சூசன்னாவின் வழக்கிலும் ஊர் அப்படித்தான் நினைத்தது. சாட்சிகள் முதியவர்கள், நடுவர்கள், மதிப்புக்குரியவர்கள். இளைஞன் தானியேல் செய்தது ஒன்றே: இருவரையும் பிரித்து நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டாய் என்று தனித்தனியே கேட்டான். எந்த ஊர், எந்த நாள், யார் எடுத்த படம் என்று கேட்க நமக்கு இறைவாக்கினரின் வரம் தேவையில்லை.

நம் அறநெறி இறையியல் இதில் தெளிவாக இருக்கிறது. திருடியவர் பாவ மன்னிப்புப் பெற்றால் மட்டும் போதாது. திருடிய பொருளைத் திருப்பித் தரவேண்டும். பிறர் நற்பெயரைக் கெடுத்தவருக்கும் அதே கடமை உண்டு என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் எட்டாம் கட்டளையின் கீழ்க் கற்பிக்கிறது. பொய்ச் செய்தியை அழித்துவிட்டேன் என்பது ஈடு ஆகாது. அனுப்பிய அன்பியக் குழுவிலும் உறவினர் குழுவிலும் ஆலை நண்பர் குழுவிலும், நான் அனுப்பியது பொய் என்று தன் பெயரோடு எழுதவேண்டும். வெட்கமாக இருக்கிறது என்கிறார்கள். அனுப்பியபோது அந்த வெட்கம் எங்கே போயிருந்தது?