முதுகும் மூட்டையும்

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் போனால் விலை பேசுவது மூட்டையை வைத்துத்தான். நெல் மூட்டை 75 கிலோ, மணிலா 80, உளுந்து 100. இந்தக் கணக்கை எந்தச் சாஸ்திரம் வகுத்தது என்று நான் கேட்கிறேன். பூமி விளைவித்தது தானியத்தை, மூட்டையை அல்ல. சாக்கை இவ்வளவு பெரிதாக்கியவன் ஒருவன், சுமப்பவன் வேறொருவன். இதற்கு வழக்கம் என்று ஒரு பெயர்!

ஓர் ஆண்மகன் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டினால் சீக்கிரமே அதை அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும் என்று 1967இல் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. உடம்புக்குக் கேடு செய்யும் பாரத்தை எவரையும் தூக்கச் சொல்லக் கூடாது என்ற அதே ஆண்டு உடன்படிக்கையை இந்தியா 2010இல் ஏற்றுக்கொண்டது. அந்தக் கையெழுத்தால் திண்டிவனத்துச் சாக்கில் ஒரு பிடி உளுந்துகூடக் குறையவில்லை.

"அவர்களுக்கு இது பழக்கம், ஐயா" என்கிறார்கள். லாரிக்கும் தரைக்கும் நடுவே சாய்த்த பலகையில், குனிந்த தலையோடு இறங்குகிறவனுக்குத் தன் காலடிகூடச் சரியாகத் தெரியாது. பலகை ஒரு விரற்கடை நழுவினால் நூறு கிலோவும் அவன் கழுத்தின் மேல்தான். முதுகெலும்பு எதற்கும் பழகுவதில்லை, தேய்கிறது, அவ்வளவே.

இயந்திரம் வந்தால் தீரும் என்பார்கள். வரட்டும், எனக்கு அதனிடம் விரோதமில்லை. ஆனால் ஃபோர்க்லிஃப்ட்டும் பசுமாடு அல்ல. முன்னால் சுமை உயர்ந்தால் ஓட்டுகிறவனுக்கு வழி மறைகிறது. திரும்பும்போது அதன் பின்புறம் வீசி அடிக்கிறது. நடப்பவனுக்குத் தனிப் பாதையும், ஓட்டுகிறவனுக்குப் பயிற்சியும், தூக்கிய சுமைக்கு அடியில் ஆள் நிற்காத கட்டுப்பாடும் இல்லாவிட்டால், முதுகை ஒடித்தது போய்க் காலை நசுக்கும்.

உடலுழைப்புத் தொழிலாளருக்காக 1982இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. நலவாரியம் விபத்து நிவாரணம் தருகிறது. நல்லதுதான். ஆனால் நிவாரணம் எலும்பு முறிந்த பிறகு வருவது. முறியாமல் இருக்க என்ன வழி? சிமெண்டு 50 கிலோ மூட்டையில்தானே வருகிறது; அதனால் வீடு கட்டுவது நின்றா போயிற்று? நெல்லையும் உளுந்தையும் அப்படியே கட்டுங்கள். கூலியை மூட்டைக்கு என்று பேசாமல் எடைக்கு என்று பேசுங்கள். சாக்குப் பெருத்தால் லாபம் என்ற ஆசை அன்றே போய்விடும்.

இதற்குக் கமிஷன் வேண்டியதில்லை. ஓர் ஊசியும் கொஞ்சம் வெட்கமும் போதும்.